மூடுபனியைத் தாண்டும் ரவுட்டர்

"மூடுபனிக்கு மத்த ரவுட்டரெல்லாம் சரிப்பட்டு வராதாம் மாப்ள. கேம் மெசின் செஞ்ச கம்பனிக்காரனே அதுக்குன்னு தனியா ஒரு ரவுட்டர் செஞ்சிருக்கான். அது பனியக் கிழிச்சிக்கிட்டு வருமாம்."

மச்சான் இதைச் சொன்னபோது நான் கேம் மெசினின் கைப்பிடிகளை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். கை நிற்கவில்லை. மனது மட்டும் சுருக்கென்றது.

"யாரு சொன்னா?"

"கேம் மெசின் விக்கிற கொழும்பு ஏஜென்ட்டுதான். ஃபோன்ல பேசுனான்."

"விக்கிறவன் வேற என்ன மச்சான் சொல்லுவான்?"

"உனக்கு எவனப் பாத்தாலும் கள்ளன்தான்" என்று சொல்லிவிட்டு அவர் முன்பக்கம் போய்விட்டார்.

முன்பக்கம் அவருடையது. ஹட்டன் டவுனில் பஸ் நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, ரோட்டோரமாக, ஒரு சிங்கள முதலாளியின் பழைய கட்டடத்தில், மச்சான் கொமினிகேஷன் வைத்திருந்தார். வெளிநாட்டுக்குப் பேச வருகிறவர்கள், அடையாள அட்டையைப் போட்டோ பிரதி எடுக்க வருகிறவர்கள் எல்லாம் அங்கே நிற்பார்கள். பலகைத் தடுப்புக்குப் பின்னால் இருந்த அறை என்னுடைய பொறுப்பு. அங்கே டீவிகளும் கேம் மெசின்களும் இருந்தன. மச்சான் என் அக்காவின் புருசன். டிக்கோயாப் பக்கம் தோட்டத்தில் இருந்த அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடும் படுக்கையும்.

அதற்கு முன் நான் கொழும்பில் இருந்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுப் புறக்கோட்டையில் ஒரு மின்சாதனக் கடைக்கு வேலைக்குப் போனவன். அங்கே நான் கற்றுக்கொண்ட முதல் விசயம், பெயர் என்பது சுருளாக வரும் என்பதுதான். மாத்திரை அட்டை போலப் பளபளக்கும் தாளில், வரிசை வரிசையாகக் கம்பனிப் பெயர். மேல்மாடியில் ஒருவர் உட்கார்ந்து, காலையில் பெயரில்லாமல் வந்த பெட்டிகளுக்கு மத்தியானத்துக்குள் பெயர் வைத்துவிடுவார். வாங்க வருகிறவர்கள் அந்தப் பெயரைத் தடவிப் பார்த்து, "ஒரிஜினல்தானே?" என்பார்கள். முதலாளி சாமி படத்தைக் காட்டிச் சத்தியம் பண்ணுவார். அந்த வாழ்க்கையும், ஏழெட்டுப் பேர் ஒரே அறையில் படுக்கிற அந்தத் தூக்கமும் எனக்கு ஒத்துவரவில்லை. நெஞ்சு படபடப்பு வந்துவிட்டது. அக்காதான், "இங்க வந்திரு, மச்சானோட சேர்ந்து ஏதாவது செய்" என்று கூப்பிட்டாள். ஆகவே அந்தப் பின்னறை ஓடினால் நான் ஹட்டனில் இருப்பேன். ஓடாவிட்டால் மறுபடியும் கொழும்பு. எனக்கு இது கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஞாபகத்தில் இருந்த கணக்கு.

தொலைபேசிக் கம்பியில் இன்டர்நெட் எங்கள் டவுனுக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஒரே அறையில் இருக்கிறவனோடு விளையாடிய காலம் போய், எங்கேயோ இருக்கிற முகம் தெரியாதவனோடு ஃபுட்போல் விளையாடலாம் என்றதும் எங்கள் ஆட்களுக்குத் தலைகால் புரியவில்லை. வேலை முடிந்து டிக்கோயாவிலிருந்தும் தலவாக்கலையிலிருந்தும் பெடியன்கள் வந்தார்கள். முன்னறைக்கும் பின்னறைக்கும் இடையில் முதலில் வயர்தான் போட்டோம். எலி கடித்தது. மறுபடி போட்டோம். மறுபடியும் கடித்தது. கடித்த இடத்தில் கரண்டு அடித்து எவனாவது செத்துப்போவானோ என்று நான் பயந்தேன். பலகையில் ஆணி அடித்து வயரை உயரத்தில் கொண்டுபோகலாம் என்றால் கட்டடச் சொந்தக்காரர் விடவில்லை. "பித்தியே எண கஹன்ன எபா" என்று, சுவரில் ஆணியே அடிக்கக் கூடாது என்று, வாடகைக்குக் கொடுத்த அன்றே சொல்லிவிட்டார். அதனால் வயர்லெஸ். புறக்கோட்டையில் எனக்குத் தெரிந்தவரிடம் ஒரு வெள்ளை ரவுட்டர் வாங்கினோம். அதில் பெயரே இல்லை. எனக்கு அதுதான் பிடித்திருந்தது. பெயர் இல்லாத சாமான் பொய் சொல்லாது என்று நினைத்தேன்.

அந்த ரவுட்டர் காலையில் நன்றாக வேலை செய்யும். சாயங்காலம் படுத்துவிடும்.

ஹட்டனில் இருந்தவர்களுக்குச் சாயங்காலம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மூன்றரை, நாலு ஆனால் மூடுபனி மலையிலிருந்து இறங்கி ரோட்டைக் கடந்து கடைக்குள்ளேயே வந்து நிற்கும். அது வந்ததும் கேம் மெசினில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக விழும். பந்து கோலுக்கு முன்னால் போய் நிற்கும். பிறகு படம் அப்படியே உறைந்துவிடும். எங்கள் வழக்கமான வாடிக்கைக்காரர் ஒருவர் இருந்தார், டிக்கோயா பஸ்ஸில் கண்டக்டர். மனுசன் கோல் அடிக்கப் போகும்போதெல்லாம் இது நடக்கும்.

"என்ன அண்ணே, ஒங்க ரவுட்டருக்குச் சளி புடிச்சிருச்சா? கொத்தமல்லித் தண்ணி குடுங்க" என்று கத்துவார். மற்றவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. சிரித்துக்கொண்டே எழும்பிப் போகிறவன் அடுத்த நாள் வராமல் போவான் என்பது எனக்குத் தெரியும். வரவும் இல்லை, சிலர்.

இந்த நேரத்தில்தான் கம்பனி ரவுட்டர் கதை வந்தது. யோசிக்க யோசிக்க எனக்கு அது சரியாகப் படவில்லை. கேம் மெசின் செய்கிறவன் எதற்கு ரவுட்டர் செய்கிறான்? பாண் சுடுகிறவன் தன் பாணை வெட்டத் தன்னுடைய கத்திதான் வேண்டும் என்றால் நம்புவோமா? அதுவும், எங்கள் ஊர் மூடுபனி இந்த ஏஜென்ட்டுக்கு எப்படித் தெரியும்? மச்சான் சொல்லியிருக்க வேண்டும். மச்சான் எதற்கு அவனிடம் இவ்வளவு விபரம் சொல்கிறார்? இன்னொன்றும் மனதில் பட்டது. ரவுட்டர் இருந்தது முன்னறையில், மச்சானுடைய மேசைக்குப் பக்கத்தில். சாயங்காலம் அந்த மேசையில் அவர் மட்டும்தான் இருப்பார்.

இந்த நினைப்பு வந்த அன்று சோறு இறங்கவில்லை. அக்கா, "என்னடா, கறி நல்லா இல்லையா?" என்றாள். மச்சான் எதிரில் உட்கார்ந்து பருப்பை அள்ளி அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குற்றம் செய்தவன் இப்படிச் சாப்பிடுவானா என்றும் பார்த்தேன். குற்றம் செய்தவன்தான் இப்படிச் சாப்பிடுவான் என்றும் தோன்றியது.

ஏஜென்ட் கெட்டிக்காரன். "சும்மா வச்சுப் பாருங்க, சனிக்கிழமை நம்ம வேன் நுவரெலியாவுக்குப் போகும்போது வந்து கேக்கிறோம், வேணான்னா திருப்பிக் குடுங்க" என்று ஒரு பெட்டியை அனுப்பிவிட்டான். கறுப்பு நிறம். கேம் மெசினுக்குத் தம்பி மாதிரி, அதே வளைவு, அதே பச்சை விளக்கு, அதே பெயர். நான் அந்தப் பெயரை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். உரியவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் புது ரவுட்டர் வந்த செய்தி பஸ் நிற்கும் இடம்வரை போய், பார்க்கவே ஒரு கூட்டம் வந்துவிட்டது. அறைக்குள் இடமில்லாமல் கதவு வாசலிலும் அடைத்துக்கொண்டு நின்றார்கள். மூடுபனி வந்தது. சிக்னல் அசையவில்லை. கண்டக்டர் கோல் மேல் கோலாக அடித்தார்.

"பாத்தியா மாப்ள!" என்று மச்சான் என் முதுகில் தட்டினார். "கம்பனிச் சாமான்னா கம்பனிச் சாமான்தான்."

எல்லோருக்கும் சந்தோசம். எனக்கு மட்டும் தெளிவாகிவிட்டது. பழையது கெட்டுப்போக வேண்டும், புதியது ஓட வேண்டும் என்று நினைக்கிற ஒரு ஆள் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இப்படித்தானே நடக்கும்?

அடுத்த நாள், "ஒருக்கா பழசையும் போட்டுப் பாப்போம் மச்சான். சனிக்கிழமைக்கு முன்ன சரியாத் தெரிஞ்சிக்கணும்ல" என்றேன்.

"நேத்துப் பாத்தது போதாதா?"

"எதுக்கும் ஒருக்கா."

அவர் முணுமுணுத்துக்கொண்டே மாற்றினார். சாயங்காலம் வழக்கம்போலக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் விளையாட உட்கார்ந்தார்கள். வழக்கம்போலவே படம் உறைந்தது. நான் கதவை ஒரு சாண் திறந்து, அந்த இடைவெளியில் ஸ்டூலைப் போட்டு, மச்சானைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். அவர் போட்டோ பிரதி மெசினுக்குத் தாள் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளே, "ஆ, வந்திருச்சு, வந்திருச்சு!" என்று சத்தம்.

நான் மச்சானை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அண்ணே, கதவச் சாத்துங்க, குளிர் கொல்லுது" என்றார் கண்டக்டர். சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் சிக்னல் போனது. மறுபடி திறந்து உட்கார்ந்து மச்சானைப் பார்த்தேன். வந்தது. சாத்தினேன். போனது. நான் பார்த்தால் ஓடுகிறது, பார்க்காவிட்டால் நிற்கிறது. இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன சாட்சி வேண்டும்?

"என்னய்யா அது, என் மூஞ்சியில சினிமாவா ஓடுது? இப்பிடிப் பாக்குற?" என்றார் மச்சான்.

"ஒன்னுமில்ல மச்சான்" என்றேன்.

மறுநாள் காலையில் அவர் கடைக்குக் கிளம்பிய பிறகு அக்காவிடம் சொன்னேன். அக்கா அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன், பார்த்தது, பார்க்காதது, ஏஜென்ட், மேசை. கடைசியில், "அவருக்குக் கமிசன் ஏதோ இருக்கு அக்கா. எனக்கு இங்க இருக்க முடியாது. நான் கொழும்புக்கே போறேன்" என்றேன். என்னுடைய உடுப்புகளை ஏற்கனவே பையில் அடுக்கி வைத்திருந்தேன்.

அக்கா கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கையை உதறிவிட்டு எழும்பினாள்.

"நான் வந்து பாக்குறேன்" என்றாள். "நீ சொல்றது நெசமாயிருந்தா அந்த ஆளுக்கு இருக்கு. நீ சொல்றது பொய்யாயிருந்தா ஒனக்கு இருக்கு."

அக்கா கடைக்கு வருவதே அபூர்வம். அன்று சாயங்காலம் சுவெட்டருக்கு மேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து, மச்சானுடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். மச்சானை ரோட்டுக்கு அனுப்பினாள்.

"எதுக்கு நான் வெளிய போகணும்?"

"போயி எதிர்க் கடையில டீ குடிங்க. கூப்புட்டா வாங்க."

அவர் போய் எதிரில் நின்று, கண்ணாடி டம்ளரைப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வெள்ளை ரவுட்டரின் மேல் கையை வைத்தாள், கோழிக்குஞ்சைப் பொத்துவது போல. "ம், போ. கதவச் சாத்திக்கிட்டு விளையாடுங்க" என்றாள். நான் உள்ளே போய்ச் சாத்தினேன். கண்டக்டர் பந்தை உதைத்தார். படம் உறைந்தது.

வெளியே வந்தேன். அக்காவின் கை வைத்த இடத்திலேயே இருந்தது. எதிர்க் கடையில் மச்சான் இரண்டாவது டீயோ மூன்றாவது டீயோ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னா?" என்றாள் அக்கா.

"நின்னிருச்சு."

"அப்ப நான்தான் கமிசன் வாங்குறேனா?"

கறுப்பு ரவுட்டரையும் போட்டுப் பார்த்தோம். கதவைச் சாத்தியதும் அதுவும் நின்றது. முந்தாநாள் கோல் மேல் கோல் அடித்த கண்டக்டர், "கம்பனிக்காரனுக்கும் சளிதான் போலருக்கு" என்றார். நான் கதவைத் திறந்தேன். வந்தது. சாத்தினேன். போனது. இந்தத் தடவை என் கண் மச்சானைத் தேடவில்லை. கதவைப் பார்த்தேன். கதவின் உட்பக்கம் முழுக்க என் முகம் மங்கலாகத் தெரிந்தது.

ஈயத்தாள். தேயிலைத் தொழிற்சாலையில் தூள் கட்டி அனுப்புகிற சாக்குகளுக்கு உள்ளே ஒட்டியிருக்குமே, அந்தத் தாள். கழிவாகப் போகிற சாக்குகளைக் கேட்டு வாங்கி, பிரித்து, ஈரம் இறங்காமல் இருக்கச் சுவருக்கு ஒட்டுவது எங்கள் பக்கத்தில் வழக்கம். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்து வீடுகளில் பாதி வீடு உள்ளே வெள்ளி மாளிகை மாதிரி இருக்கும். இந்த அறைக்கும் ஆணி அடிக்க முடியாததால் மைதாப் பசை காய்ச்சி, பலகைத் தடுப்பு, கூரைப் பக்கம், கதவு என்று ஒரு விரல் இடம் விடாமல் நானேதான் ஒட்டியிருந்தேன். மெசினுக்குள் ஈரம் போய்விடுமோ என்ற பயத்தில் இரண்டு அடுக்கு.

கதவில் இருந்ததை மட்டும் கிழித்துவிட்டுச் சாத்திப் பார்த்தேன். சிக்னல் பாதி வந்தது. தடுப்பில் இருந்ததையும் கிழித்தேன். முழுக்க வந்தது. வெள்ளை ரவுட்டருக்கும் வந்தது, கறுப்புக்கும் வந்தது, இரண்டுக்கும் ஒரே அளவு. மூடுபனிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மூடுபனி வந்தால் நாங்கள் கதவைச் சாத்துவோம், அவ்வளவுதான். புது ரவுட்டர் வந்த அன்று வாசலில் கூட்டம் நின்றதால் சாத்தவில்லை.

அக்கா மச்சானைக் கூப்பிட்டாள். அவர் வந்து, கிழிந்து கிடந்த தாள்களையும் என்னையும் பார்த்தார். எதற்காக டீ குடிக்க அனுப்பப்பட்டார் என்று அக்கா ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். அவர் முகம் சுண்டிப்போனது.

"அப்பிடியா நெனச்ச?" என்றார். கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அக்காதான் விடவில்லை. "சரி, இப்ப நீங்க சொல்லுங்க. ஏஜென்ட் ஒங்களுக்கு ஒன்னும் தர்றேன்னு சொல்லலையா?"

மச்சான் போட்டோ பிரதி மெசினின் மூடியைத் திறந்து மூடினார்.

"ஒரு டீசேர்ட் தர்றேன்னான். கம்பனிப் பேரு போட்டது."

"இந்த வயித்துக்கா?" என்றாள் அக்கா.

உள்ளே கண்டக்டர் வெடித்துச் சிரித்தார். மச்சான் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. டீசேர்ட் என்றாலும் கமிசன் கமிசன்தானே என்று ஒரு மூலையில் எனக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லும் தைரியம் அன்றைக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. போட்டோ பிரதிக்கு வந்தவர்களிடம் தேவைக்கு அதிகமாகப் பேசினார். சனிக்கிழமை காலையில் பையை எடுத்துக்கொண்டே கடைக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். வேன்காரனுக்கு என்ன பதில் சொல்கிறார் என்று பார்த்துவிட்டு, மத்தியான ரயிலைப் பிடிக்கலாம். ஆனால் பையோடு போனால் அவர் இன்னும் சங்கடப்படுவார் என்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன்.

வேன் வந்தது. ஏஜென்ட்டுடைய ஆள் ஒருவன் கடைக்குள் வந்து, சென்ட் வாசனையோடு, "என்ன அண்ணன், சாமான் எப்பிடி? வச்சுக்கிறீங்கதானே?" என்றான்.

மச்சான் கறுப்பு ரவுட்டரைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார். அதன் அடிப்பக்கத்தை வாசித்தார். பெயரை நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டினார். அது என்னுடைய சுரண்டல்.

"நல்லாத்தான் ஓடுது. ஒரு சந்தேகம் தம்பி" என்றார். "சுவர்ல ஈயத்தாள் ஒட்டியிருந்தா இது தாண்டுமா?"

அவன் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "தாண்டும் அண்ணன். மத்தது எதுவும் தாண்டாது. நம்மடது மட்டும் தாண்டும். அதுக்குத்தானே கம்பனிக்காரன் தனியா செஞ்சிருக்கான்?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். நானும் அவரும் ஒரே நேரத்தில் ஒரே ஆளைச் சந்தேகப்பட்டது அதுதான் முதல் தடவை.

"வேணாம் தம்பி. எங்ககிட்ட இருக்கிறதே போதும்" என்றார் மச்சான். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "மாப்ள, பெட்டிக்குள்ள வயரு, புத்தகம் எல்லாம் சரியா இருக்கான்னு அவனுக்கு முன்னாலயே எண்ணிக் காட்டு. பொறகு கொறையுதும்பான்" என்றார்.

எண்ணிக் காட்டினேன். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாங்கிப் போனான். டீசேர்ட் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகும் பல பேர் என்னிடம் வந்து கேட்டிருக்கிறார்கள், கேம் விளையாடக் கம்பனி ரவுட்டர்தான் வேண்டுமா என்று. வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். விற்கிறவன் வேண்டும் என்கிறானே என்றால், நீங்கள் முதலில் உங்கள் வீட்டுச் சுவரைப் பாருங்கள் என்பேன். அவர்கள் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும், நல்லதுதான்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்குப் போனேன். மச்சானோடு பேச்சு ஆரம்பமாகிவிட்டது என்றாலும், ஒருத்தர் மேல் அப்படி ஒரு பழியை நினைத்துவிட்டு அவர் வீட்டில் சாப்பிடுவது சரியில்லை என்று இன்னும் குழப்பம். பையை எடுக்கப் போனால் பை தட்டையாகக் கிடந்தது. லயத்துக்கு முன்னால் கட்டியிருந்த கொடியில் என்னுடைய சேர்ட், சாரம், ஒரே ஒரு நல்ல காற்சட்டை எல்லாம் சொட்டச் சொட்டத் தொங்கின. அதற்குள் பனி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த மாதத்தில் எங்கள் பக்கம் ஒரு காற்சட்டை காய்வதற்குள் ஒரு வாரமே போய்விடும்.

"அழுக்கா இருந்துச்சு, தொவச்சுப் போட்டேன்" என்றாள் அக்கா, திரும்பிப் பார்க்காமல்.

அவை எல்லாம் முந்தின ஞாயிற்றுக்கிழமை துவைத்து மடித்தவை. வேண்டுமென்றே செய்தாளோ என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். கேட்கவில்லை. சாயங்காலம் கடைக்குப் போய்விட்டேன்.